இதயத் தசையணுவும் பிராணவாயுவும்



ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளதாய், நாளொன்றுக்கு லட்சம் தடவை சுருங்கி விரிவதாய், பிறப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே தொடங்கிய தன் தொழிலை இறக்கும் வரையில் ஒரு நாளும் நிறுத்தாததாய் விளங்கும் இதயம், பிராணவாயுவை நம்பியே வாழ்கிறது. அது கிடையாமற்போனால் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே அதன் தசை சோர்ந்துவிடுகிறது. ஆயினும் அந்தப் பிராணவாயுவிலிருந்து பிறக்கும் சில பொருள்களே, அணுவின் தற்காப்புச் சக்தியை மீறிப் பெருகுமிடத்து, அத்தசையின் அணுக்களைச் சிதைக்கின்றன. அந்நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அதனைத் தடுத்துவிடுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும் பானங்களும் மிகுந்துவிட்ட இக்காலத்தில், அணுவுக்குள் உண்மையில் நடப்பது யாது, அதைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஐயமற அறிந்திருப்பது எவ்வளவு, அவ்வறிவு நோயாளிக்குப் பயன்பட்டிருப்பது எவ்வளவு என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

பிராணவாயுவின்மீது சந்தேகம் தோன்றியது அது கண்டறியப்பட்ட காலத்திலேயே ஆகும். 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாள், இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் சமயப் போதகர், சூரிய ஒளியைப் பெரியதொரு கண்ணாடி வில்லையால் குவித்துப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கி, அதிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவத்தி மிகுந்த பிரகாசத்தோடு எரிவதைக் கண்டார்; பின்னர், அவ்வாயு நிரம்பிய ஜாடியில் எலி நெடுநேரம் உயிர்த்திருப்பதையும் கண்டார். இந்த வாயுவில் மெழுகுவத்தி விரைந்து எரிந்து தீர்ந்துபோவதைப் போல, இதையே சுவாசிக்கும் பிராணியின் ஆயுளும் விரைந்து தீர்ந்துபோகலாமோ என்று அவர் அப்போதே எழுதிவைத்தார். அந்த ஊகத்துக்கு ரசாயன ஆதாரம் கிடைப்பதற்கு 180 ஆண்டுகள் சென்றன. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் அம்மையார், டேனியல் கில்பர்ட் முதலிய தம் சகாக்களோடு 1954-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மிகுதியான பிராணவாயு உண்டாக்கும் விஷமும் எக்ஸ்-கதிர் உண்டாக்கும் சேதமும் ஒரே வழியில் நேர்பவை என்றும், இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கிய, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் மூலக்கூறுகளே இரண்டுக்கும் காரணம் என்றும் வாதித்தார். அன்று அதை ஏற்றுக்கொண்டவர் சிலரே. உயிருள்ள உடலுக்குள் அத்தகைய நிலையற்ற பொருள் இயல்பாகவே பிறக்கும் என்பதை நம்ப உயிர்வேதியியலார் பலர் ஆயத்தமாக இருக்கவில்லை.

அவர்களை நம்பவைத்தது ஒரு நொதி. மாட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து தாமிரம் கலந்த புரதம் ஒன்றை 1938-லேயே பிரித்தெடுத்துப் பெயரும் சூட்டியிருந்தார்கள். அதன் தொழில் யாதென்பது மட்டும் முப்பது ஆண்டுகளாக விளங்கவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃப்ரிடோவிச் என்னும் பேராசிரியரும், அவரிடம் மாணவராயிருந்த ஜோ மெக்கார்டும், அப்புரதம் சூப்பராக்சைடு என்னும் பொருளை, அதாவது ஓர் எலக்ட்ரானை மட்டும் கூடுதலாகப் பெற்றுக்கொண்ட ஆக்சிஜன் மூலக்கூற்றை, மின்னல் வேகத்தில் அழித்துவிடுகிறது என்று 1969-இல் நிரூபித்தார்கள். சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற பெயரால் இன்று அறியப்படும் அந்நொதி, பிராணவாயுவைக் கொண்டு வாழும் உயிரணுக்களில் ஏறத்தாழ எங்கும் காணப்படவே, அதனால் அழிக்கப்பட வேண்டிய பொருளும் அவற்றில் எங்கும் பிறந்துகொண்டிருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று.

இனி, இதயத் தசையணுவுக்கு வருவோம். எலியின் இதயத்திலிருந்து உயிரோடு பிரித்தெடுக்கப்பட்ட தசையணுக்களை, உரிய உப்புகளும் கால்சியமும் கலந்த இளஞ்சூடான திரவம் நிரம்பிய கிண்ணத்தில் இட்டு நுண்ணோக்கியின் வழியே பார்த்தால், ஏறத்தாழ 100 மைக்ரான் நீளமும் 20 மைக்ரான் அளவு அகலமும் உள்ளனவாய், குறுக்கே சீரான வரிகள் ஓடியனவாய், கோல் போன்ற வடிவில் அவை கிடப்பதைக் காணலாம். மெல்லிய மின்தூண்டல் கொடுக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றும் கண்ணெதிரே குறுகி நீள்கிறது. அந்த அழகு, எத்தனை முறை கண்டாலும் எனக்குத் தெவிட்டியதில்லை. அக்கிண்ணத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிதளவு சேர்த்துவிட்டுக் காத்திருந்தால், முதலில் துடிப்பின் ஒழுங்கு தவறுகிறது. பிறகு, தூண்டாதபோதும் அணுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுருக்கம் அலையலையாக ஓடுகிறது. முடிவில் கோல் வடிவம் முற்றிலும் குறுகி, வரிகள் மறைந்து, அணு உருண்டையாகிக் கிடந்துவிடுகிறது. இந்த மூன்று நிலைகளும் எவ்வாறு நேர்கின்றன என்பதை விளக்கிவிட்டால், இன்றைய என் பேச்சில் பாதி முடிந்ததாகும்.

இத்தசையணுவின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அணுவுக்குச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. கரோனரித் தமனிகள் கொண்டுவரும் ரத்தத்திலிருந்து நூற்றுக்கு 70 பங்குக்கும் மேலான பிராணவாயுவை இதயம் ஓய்வு நிலையிலேயே எடுத்துக்கொள்கிறது. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் திசுக்கள் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு 25 பங்கு அளவே. அவ்வளவு பசி கொண்ட உறுப்பு இது. உணவிலிருந்து பெறப்பட்ட எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் வரிசையாக அமைந்த புரதத் தொகுதிகளின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. கிணற்றிலிருந்து வயல் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுக்கும்போது ஒவ்வொரு கையிலும் சில துளிகள் சிந்துவதைப் போல, இவ்வரிசையிலும் ஒன்றாம் தொகுதியிலும் மூன்றாம் தொகுதியிலும் சில எலக்ட்ரான்கள் வழிதவறி, அருகே உள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு சூப்பராக்சைடாக மாறுகின்றன. உட்கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இப்படிச் சிந்துகிறது என்று நூல்களில் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தது. அது, பிரித்தெடுக்கப்பட்ட மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்துச் செய்த பரிசோதனைகளில் கிடைத்த கணக்கு. உயிருள்ள அணுவில் சிந்துவது அதைவிட மிகக் குறைவு என்பதே இப்போது பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்து.

சிந்துவது குறைவேயானாலும், இதயத்தில் அதைத் துடைக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1995-இல் நடந்த ஒரு பரிசோதனை காட்டிற்று. சூப்பராக்சைடை அழிக்கும் நொதி ஒரே வடிவினது அன்று. மெக்கார்டு கண்ட தாமிரமும் துத்தநாகமும் கலந்த வடிவம் அணுவின் பொதுத் திரவத்தில் உள்ளது. மாங்கனீசு கலந்த மற்றொரு வடிவம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே உள்ளது. மாங்கனீசு வடிவத்துக்குரிய மரபணுவை நீக்கிப் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகள், இதயம் பெருத்துத் துவண்டு, பத்து நாள்களுக்குள் இறந்தன. அடுத்த ஆண்டில் தாமிர வடிவத்தின் மரபணுவை வேறு சுண்டெலிகளில் நீக்கியபோது, அவை வளர்ந்து பெரியனவாயின. இவ்விரு பரிசோதனைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும், அணுவுக்குள் எந்த இடத்தில் இப்பொருள் பிறக்கிறது என்பது, எவ்வளவு பிறக்கிறது என்பதைப் போலவே முக்கியம் என்பது புலப்படும்.

சூப்பராக்சைடு அழிந்தால் பிறப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. இதனால் நேரும் சேதம் பெரும்பாலும் இரும்பைச் சார்ந்தது. கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்பவர் 1894-இல் டார்டாரிக் அமிலத்தை வைத்துக்கொண்டு செய்த பரிசோதனைகளின்போது, சிறிதளவு இரும்பு உப்பு இருந்தால் பெராக்சைடு கடுமையான ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று கண்டிருந்தார். அவ்வாறு பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல், தன்னை அடுத்துள்ள எதையும், கொழுப்பாயினும் புரதமாயினும் மரபணுவாயினும், பிறந்த இடத்திலேயே தாக்கிவிடக்கூடியது. தலசீமியா நோய்க்காகச் சிறுவயது முதலே அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் இதயத்தில் இரும்பு படிந்து, உரிய சிகிச்சை இல்லாதபோது அவ்விதயம் இளமையிலேயே தளர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் இதுவே. இரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்துகளை ஒழுங்காகக் கொடுப்பதால் அப்பிள்ளைகளின் ஆயுள் நீண்டிருக்கிறது. நம் மருத்துவமனைகளில் அம்மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டுமென்பதை இவ்விடத்தில் அழுத்தமாகச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

கிண்ணத்தில் கண்ட தசையணுவின் துடிப்பு ஏன் ஒழுங்கு தவறிற்று? இதயத் தசையின் ஒவ்வொரு சுருக்கமும் கால்சியத்தின் வருகையால் நேர்கிறது. ஒவ்வொரு தளர்ச்சியும் அதன் நீக்கத்தால் நேர்கிறது. அணுவுக்குள் இருக்கும் வலைப்பின்னல் போன்ற சேமிப்பறையிலிருந்து கால்சியத்தை வெளிவிடும் கதவாகிய ரையனோடின் ஏற்பி என்னும் பெரும்புரதத்தில், கந்தகம் தாங்கிய சிஸ்டீன் கூறுகள் பல இருக்கின்றன. சூப்பராக்சைடு, பெராக்சைடு முதலிய ஆக்சிஜனேற்றிகள் அக்கந்தகத்தைத் தீண்டும்போது கதவு சரியாக மூடாமல், தளரவேண்டிய நேரத்தில் கால்சியம் கசிகிறது. கசிந்த கால்சியத்தை மீண்டும் சேமிப்பறைக்குள் இறைக்கும் பம்பு வேறு ஆக்சிஜனேற்றத்தால் சோர்ந்துவிடுகிறது. இதற்கு மேலும், கால்சியத்தால் விழிப்பூட்டப்படும் கைனேஸ் நொதி ஒன்றின் அமைப்பில் 281, 282 என்ற எண்ணிடங்களில் அமைந்த இரண்டு மெத்தியோனின்கள் ஆக்சிஜனேற்றம் பெற்றுவிட்டால், கால்சியம் விலகிய பிறகும் அந்நொதி அணையாமலே இயங்குகிறது என்பதை 2008-இல் மார்க் ஆன்டர்சனின் ஆராய்ச்சிக்குழு வெளிப்படுத்திற்று. அணையாத அந்நொதி, கசியும் கதவை மேலும் கசியச் செய்கிறது; சோடியம் வழிகளையும் திறந்தபடி வைக்கிறது. தூண்டாதபோது ஓடிய அலை இந்தக் கசிவின் விளைவேயாகும். நோயாளியின் உடலில் இதுவே தாளக்கேடாக, சில சமயம் திடீர் மரணமாகவும், வெளிப்படுகிறது. மூன்றாம் நிலையாகிய உருண்டை, கால்சியம் வெளியேற வழியில்லாமலும் சக்தி தீர்ந்தும் சுருங்கிய தசை தளர இயலாமற்போன நிலை.

இதுவரை சொன்னது கிண்ணத்தில் நடப்பது. மனிதனின் மார்புக்குள் இவை அனைத்தும் மிகக் கடுமையாக ஒருங்கே நடக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது மாரடைப்பின்போது அடைப்பு நீங்கும் தருணம்.

பெனிசிலின் ஆராய்ச்சிக்காக 1945-இல் நோபல் பரிசு பெற்றவருள் ஒருவராகிய எர்ன்ஸ்ட் செயின், பிற்காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்தபோது, டேவிட் ஹெர்ஸ் முதலிய சகாக்களோடு சேர்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் நினைக்கப்படுகிறது. எலியின் இதயத்தை உடலிலிருந்து எடுத்து, அதன் தமனிகளுக்குள் செயற்கைத் திரவத்தைச் செலுத்தி, முதலில் பிராணவாயு இல்லாமலும் பின்னர் திடீரென அதைக் கலந்தும் ஓட்டியபோது, வாயு இல்லாத காலத்தில் மெல்ல மெல்லக் கசிந்த தசை நொதிகள், வாயு திரும்பியதும் வெள்ளம்போல் வெளிவந்தன. பட்டினி கிடந்த தசைக்கு உணவு வந்ததும் அது பிழைப்பதற்கு மாறாக உடைந்தது. ஃப்ரீ ராடிக்கல்களே இதைச் செய்கின்றனவா என்பதை நேரே காண்பதற்கு மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின: 1987-இல், முயலின் இதயத்துக்கு ஓட்டத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்து, சில விநாடிகளுக்குள் அதைத் திரவ நைட்ரஜனின் குளிரில் உறையவைத்து, எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்னும் முறையால் சோதித்த ஜே ஸ்வையரும் சகாக்களும், ஓட்டம் திரும்பிய தொடக்க விநாடிகளிலேயே ராடிக்கல்கள் திடீரெனப் பொங்குவதைப் பதிவு செய்தார்கள்.

கேத் லேப் எனப்படும் இக்காலத்து இதயத் தமனிச் சிகிச்சையறையில் நின்றால் இதன் நிழலை ஒருவாறு காணலாம். அடைபட்ட தமனிக்குள் மெல்லிய கம்பி நுழைந்து, பலூன் விரிந்து, ஸ்டென்ட் பதிந்து, திரையில் சாயம் கலந்த ரத்தம் தமனியின் கடைக்கோடி வரையில் கறுத்து ஓடுவதைக் கண்டு அனைவரும் நிம்மதியடையும் அந்த நிமிஷத்தில், சில நோயாளிகளின் இ.சி.ஜி. கோடு மாறி, கீழறையிலிருந்தே எழும் அகன்ற துடிப்புகள் சற்று நேரம் தொடர்ந்து ஓடுகின்றன. அனுபவமுள்ள மருத்துவர் அதைக் கண்டு பெரும்பாலும் கலங்குவதில்லை. தமனி திறந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று அறிந்து, பார்த்தபடி இருப்பார். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமனியைத் திறப்பது ஆபத்து என்று எவரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. திறக்காவிட்டால், உட்சுவரில் தொடங்கும் சாவு சில மணி நேரத்துக்குள் வெளிச்சுவர் வரைக்கும் பரவிவிடும் என்பதை ரைமர், ஜென்னிங்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் நாய்களின் இதயத்தில் படிப்படியாக அளந்து காட்டியிருக்கிறார்கள். திறப்பதால் பிழைக்கும் தசை மிகப் பெரிது. திறக்கும்போது கூடுதலாக இழக்கும் தசையையும் காப்பாற்ற முடியுமா என்பதே ஆராய்ச்சியாளரின் கேள்வி.

ராடிக்கல்களின் அந்தத் திடீர்ப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2014-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மர்ஃபி, தாமஸ் க்ரீக் ஆகியோரின் குழுவினர் தந்த விடை மிகத் தெளிவானது. ரத்தம் வராத நேரத்தில் தசையணுவுக்குள் சக்சினேட் என்னும் பொருள் குவிகிறது. ஓட்டம் திரும்பியதும், குவிந்த சக்சினேட் முழுவதும் ஒரே மூச்சில் எரிய முற்பட, எலக்ட்ரான்கள் தம் வழக்கமான திசையை விட்டுப் பின்னோக்கி ஒன்றாம் தொகுதிக்குள் தள்ளப்பட்டு, அங்கே சூப்பராக்சைடாகப் பீறிடுகின்றன. அதே நேரத்தில் அணுவின் அமிலத்தன்மை நீங்குகிறது. கால்சியமோ மிகுந்து கிடக்கிறது. பட்டினிக் காலத்தில் அமிலத்தன்மையே மூடிவைத்திருந்த ஒரு துளை, இம்மூன்றும் கூடிய அந்நிமிஷங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் திறந்துகொள்கிறது. துளை திறந்தால் அணுவின் சக்திப் பொருளாகிய ஏ.டி.பி.யின் உற்பத்தி நின்றுவிடும், மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும், அணு பிழைக்காது. சைக்ளோபிலின்-டி என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளில் இத்துளை எளிதில் திறப்பதில்லை. அவற்றில் மாரடைப்பின் சேதமும் சிறுத்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பின், ஆக்சிஜனேற்றிகளை ஒழிக்கும் மருந்தைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு தோன்றியவர்கள் சாமானியர் அல்லர். திறமையும் நல்லெண்ணமும் நிறைந்த ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் செய்தவையும் கண்டவையும் இவை. மாரடைப்புற்றவர்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போதே சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸை ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவின்படி இதயத்தின் செயலில் மேன்மை எதுவும் காணப்படவில்லை. துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரினை ஏறத்தாழ 970 நோயாளிகளிடம் பரீட்சித்தார்கள்; 2015-இல் வந்த முடிவும் அவ்வாறே. ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் வைட்டமின்களின் கதையோ இன்னும் பெரிது. இங்கிலாந்தில் 20,536 பேருக்கு ஐந்து ஆண்டுகள், பாதிப்பேருக்கு ஈ, சி, பீட்டா-கரோட்டின் மூன்றும் மற்றவர்க்கு வெறும் மாத்திரையுமாகக் கொடுத்து நடத்திய ஆய்வில், 2002-இல் வெளியான கணக்கின்படி, மாரடைப்பும் மரணமும் இரு பிரிவிலும் ஒரே அளவில் இருந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடையே நடந்த ஆய்விலோ, பீட்டா-கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகமாகவே வந்தது.

இவற்றுள் என் சிந்தையை மிகவும் கவர்ந்தது, கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுஃபின் தலைமையில் நடந்து 2000-இல் வெளியான ஹோப் என்னும் ஆய்வே. மாரடைப்பு அபாயம் மிகுந்த 9,500-க்கும் மேற்பட்டவர்களிடையே, ஒரே சமயத்தில் இரண்டு பொருள்கள் சோதிக்கப்பட்டன: நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ ஒன்று, ராமிப்ரில் என்னும் ரத்தஅழுத்த மருந்து மற்றொன்று. நாலரை ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது வைட்டமினால் யாதொரு பயனும் இல்லை. நீட்டித்துப் பார்த்த பிற்கணக்கில், அதை உண்டவர்களுக்கு இதயத் தளர்ச்சி சற்றே மிகுந்திருந்தது. ராமிப்ரில் பெற்றவர்களிடமோ, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இம்மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை நூற்றுக்கு 17.8-இலிருந்து 14 ஆகக் குறைந்தது. அம்மருந்து பல வழிகளில் நன்மை செய்வது; ஆயினும் அவ்வழிகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன், ரத்தக்குழாய்களிலும் இதயத்திலும் உள்ள என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தூண்டி, சூப்பராக்சைடை வேண்டுமென்றே உற்பத்தி செய்விக்கிறது; ராமிப்ரில் அந்த ஹார்மோன் பிறப்பதையே குறைக்கிறது. வெளிவந்துவிட்ட ராடிக்கலை ரத்தத்தில் துரத்திக்கொண்டு போன வைட்டமின் தோற்ற அதே மக்களிடத்தில், ஊற்றுக்கண்ணை அடக்கும் மருந்து வென்றது என்பதை, இத்துறையில் புதிதாக ஆராயப் புகும் மாணவர்கள் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வைட்டமின் தோற்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் 1986-இல், நாயின் கரோனரித் தமனியை ஐந்து நிமிஷம் அடைத்து ஐந்து நிமிஷம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்த பின்னர், அதை 40 நிமிஷம் தொடர்ந்து அடைத்தார்கள். சேதம் அதிகரிக்கும் என்று எதிர்பார்ப்பதே இயற்கை. ஆனால் முன் அடைப்பு இல்லாத நாய்களில் கண்ட சேதத்தில் நாலில் ஒரு பங்கே இவற்றில் நேர்ந்திருந்தது. சிறிய இடர்களைக் கண்ட தசையணு, பெரிய இடருக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டது. ஆயத்தம் செய்யச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோகும் தூதர்களுள் ராடிக்கல்களும் அடங்கும் என்பது, அச்சிறு அடைப்புகளின்போது ராடிக்கல் ஒழிப்பான்களைக் கொடுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. அவற்றைக் கொடுத்ததும் பாதுகாப்பு மறைந்துபோயிற்று. ஆகவே, எந்நேரமும் எல்லா இடத்திலும் ஆக்சிஜனேற்றியை ஒழித்துக்கொண்டேயிருப்பது அணுவின் பேச்சையே அடக்கிவிடுவதாகும். காலை உணவோடு விழுங்கப்படும் மாத்திரை, ஒன்றாம் தொகுதியின் வாயிலில் சில விநாடிகளில் நடந்து முடியும் காரியத்தில் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி?

ஆனால், ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான சத்து எதுவுமே மனிதனின் இதயத்தைக் காத்ததில்லை என்று சொல்லிவிட்டால் அது பிழையாகும். சீனத்தின் வடகிழக்கே ஹைலாங்ஜியாங் மாகாணத்தில் உள்ள கெஷான் என்னும் வட்டாரத்தில், 1935-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இதயத்தசை நோய் ஒன்று பரவிப் பலரைக் கொன்றது. அந்த ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. சொந்த நிலத்தில் விளைந்த தானியத்தையே உண்டு வாழும் ஏழை உழவர் குடும்பங்களில், குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் அது தேடித்தேடித் தாக்கிற்று. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரையில் சீனத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை போல நீளும் நிலப்பகுதியில் மட்டுமே அது காணப்படுவதும், அப்பகுதி மண்ணிலும் தானியத்திலும் செலினியம் மிகவும் அருகியிருப்பதும் பின்னர் தெரியவந்தன. 1974-இல் சிச்சுவான் மாகாணத்து மியான்னிங் வட்டாரத்தில் ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை, சிறியவர்க்கு அரை மில்லிகிராமும் பெரியவர்க்கு ஒரு மில்லிகிராமுமாக, சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தார்கள். அவ்வாண்டில் வெறும் மாத்திரை பெற்ற 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் கண்டது. செலினியம் பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேருக்கே கண்டது. மறு ஆண்டிலும் வேற்றுமை அவ்வாறே நீடிக்கவும், 1976-இல் ஒரு குழந்தையையும் விலக்காமல் அனைவருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். வெறும் மாத்திரை பெற்ற பிரிவு அத்தோடு கைவிடப்பட்டது. குழந்தைகளின் உயிரை முன்னிட்டு அவ்வாறு முடிவு செய்தவர்களை நான் வணங்குகிறேன்.

செலினியத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக மாற்றும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் நடுநாயகமான இடத்தில் செலினியம் இருக்கிறது என்பது 1973-இல் அறியப்பட்டது. கல்லீரலில் ஏராளமாயிருக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி இதயத்தில் மிகவும் குறைவு. ஆதலால் அந்தச் செலினிய நொதியை இதயம் பெரிதும் சார்ந்து நிற்கிறது. செலினியக் குறைவு மட்டுமே நோயைக் கொண்டுவருவதில்லை என்பதையும் உடனே சொல்லவேண்டும். பருவத்துக்குப் பருவம் நோய் கூடிக் குறைவதைக் கண்டு, ஒரு தொற்றும் உடனிருக்கவேண்டும் என்று ஐயுற்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் மெலிண்டா பெக்கும் சகாக்களும், இதயத்துக்குத் தீங்கு செய்யாத காக்ஸாக்கி வைரஸ் வகை ஒன்றைச் செலினியக் குறைவுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, அவ்வைரஸ் அவற்றின் உடலுக்குள்ளேயே மரபணு மாறி இதயத்தைத் தாக்கிற்று. பின்னர் அங்கிருந்து எடுத்து, குறைவற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோதும் தாக்கிற்று. 1995-இல் வெளியான இம்முடிவை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான திகைப்பு இன்னும் நீங்கவில்லை. ஓர் ஏழைக் குழந்தையின் சத்துக்குறைவு, அக்குழந்தையோடு நில்லாமல், ஊருக்கே பரவக்கூடிய கிருமியின் குணத்தையும் மாற்றிவிடக்கூடும் என்றல்லவா அது சொல்கிறது? மண்ணில் குறைவில்லாத நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குப் புற்றுநோயைத் தடுக்கும் எண்ணத்தோடு செலினியம் கொடுத்துப் பார்த்து, பயன் காணாமல் 2008-இல் நிறுத்திவிட்டார்கள். இல்லாதவனுக்கு அது உயிர்மருந்து. இருப்பவனுக்கு மேலும் கொடுப்பது வீண்செலவு.

கடைசியாக, இறந்த தசையணுவின் இடத்தில் வேறொன்று ஏன் முளைப்பதில்லை என்ற கேள்வி. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வான்வெளியில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளால் காற்றில் மிகுந்த கார்பன்-14, அக்காலத்தில் வாழ்ந்தோரின் மரபணுக்களிலும் படிந்தது. அதை அளந்து, ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழுவினர் 2009-இல் கணக்கிட்டுச் சொன்னது இது: 25 வயதில் இதயத் தசையணுக்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று புதிதாகிறது, 75 வயதில் அரைக்கும் குறைவாகவே புதிதாகிறது. அதாவது, நம்மோடு பிறந்த தசையணுக்களில் பாதிக்கு மேல் நம்மோடுதான் மடிகின்றன.

பிறந்த மறுநாள் சுண்டெலிக் குட்டியின் இதய நுனியை வெட்டினால், மூன்று வாரத்துக்குள் அது வளர்ந்து நிரம்பிவிடுகிறது. ஏழாம் நாள் வெட்டினால் தழும்பே மிஞ்சுகிறது. இதை 2011-இல் கண்ட டல்லஸ் நகரத்து ஹேஷம் சாதக்கின் குழுவினர், அந்த ஒரு வாரத்துக்குள் மாறியது யாது என்று தேடினார்கள். கருப்பையில் குறைந்த பிராணவாயுவோடு வாழ்ந்த குட்டி, பிறந்ததும் காற்றைச் சுவாசிக்கிறது, மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, ஆக்சிஜனேற்றிகள் மிகுகின்றன, அவற்றால் மரபணுவில் காயங்கள் உண்டாகின்றன, காயத்தைக் கண்ட தசையணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. இவ்வாறு 2014-இல் எழுதிய அவர்கள், 2017-இல் இன்னும் ஓரடி முன்சென்றார்கள். மாரடைப்பு உண்டாக்கப்பட்ட வளர்ந்த சுண்டெலிகளுக்கு, சுவாசிக்கும் காற்றில் பிராணவாயுவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நூற்றுக்கு 7 பங்கு வரையில் கொண்டுவந்து, அந்நிலையில் இரண்டு வாரம் வைத்திருந்தபோது, தசையணுக்கள் மீண்டும் பிரியத் தொடங்கின. இதயத்தின் செயலும் ஓரளவு திரும்பிற்று. நூற்றுக்கு 7 பங்கு என்பது எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் மனிதனுக்குக் கிடைக்கும் பிராணவாயுவுக்கு ஏறத்தாழச் சமமாகும். மாரடைப்புற்று எழுந்திருக்கும் நோயாளியை அக்காற்றில் வாழவைக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். ஆகவே, காற்றை மெலிவிக்காமலே தசையணுவின் உட்கருவில் விழும் அந்தக் காயங்களை மட்டும் குறைப்பதற்கும், பிரிவதை நிறுத்தும் கட்டளையை அணுவுக்குள்ளேயே சற்று நேரம் தளர்த்துவதற்கும் வழி தேடவேண்டியிருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் விலங்குகளிடத்தில்தான் நடந்துவருகிறது. இவ்வவையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலரும் அதில் கைகொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.